தீவனத்தில் புரதம் எவ்வளவு? ஆய்வுக்கூடம் அறிவது எப்படி?

ஜவ்வாது மலை அடிவாரத்திலுள்ள படவேடு பகுதியில் நெல்லும் வாழையும் பயிரிடும் விவசாயிகள் பலர், கறவை மாடும் வளர்த்து வருகின்றனர். பாலுக்குச் செய்யும் செலவில் பெரும்பகுதி தீவனத்திற்கே போகிறது. கடலைப் பிண்ணாக்கையும் கலப்புத் தீவனத்தையும் விலை கொடுத்து வாங்குவது புரதச் சத்துக்காகவே. அந்தச் சத்து உண்மையில் இருக்கிறதா என்று அறிந்து வாங்குவது நலம்.

கெல்டால் முறை

டென்மார்க் நாட்டு வேதியியல் அறிஞர் ஜோகன் கெல்டால் 1883ஆம் ஆண்டு வகுத்த முறை இன்றும் தீவன ஆய்வுக்கூடங்களில் கையாளப்படுகிறது. அரைத்த தீவனத்தில் சுமார் ஒரு கிராம் எடுத்து, அடர் கந்தக அமிலத்தில் தெளியும்வரை கொதிக்க வைப்பர். அப்போது புரதத்திலுள்ள தழைச்சத்து அம்மோனியம் சல்பேட்டாக மாறும். பின்னர் எரிசோடா சேர்த்துக் காய்ச்சினால் அம்மோனியா வெளிப்படும். அதைப் போரிக் அமிலத்தில் பிடித்து, அளவு தெரிந்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கணக்கிடுவர்.

புரதத்தில் பொதுவாக 16 சதவீதம் தழைச்சத்து உண்டு. எனவே கிடைத்த தழைச்சத்தை 6.25ஆல் பெருக்குவர். பிண்ணாக்கில் தழைச்சத்து 6.4 சதவீதம் எனில், புரதம் 40 சதவீதம். இதற்குக் 'கச்சாப் புரதம்' என்று பெயர்.

ஏமாற்றுக்கு இடம் எங்கே?

இம்முறை அளப்பது தழைச்சத்தையே. புரதத்தை நேராக அளப்பதில்லை. வயலுக்கு இடும் யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பதை நீங்கள் அறிவீர்கள். 100 கிலோ தீவனத்தில் ஒரு கிலோ யூரியா கலந்தால், அதனால் மட்டும் கணக்கில் ஏறத்தாழ 3 சதவீதப் புரதம் கூடிவிடும். சீனாவில் 2008ஆம் ஆண்டு பாலில் மெலமின் கலந்ததும் இதே தந்திரத்தால்தான். அங்கு ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். ஆறு குழந்தைகள் இறந்தன.

வளர்ந்த மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சிறிதளவு யூரியாவைப் புரதமாக மாற்றும். அளவு மீறினால் அது நஞ்சாகும். இளங்கன்றுகளுக்கும் கோழிகளுக்கும் யூரியா பயன்படாது. ஆகையால் ஐயம் இருந்தால், புரதத்தை மட்டும் படியவைத்து வடிகட்டி அளக்கும் 'உண்மைப் புரதம்' சோதனையையும், யூரியா சோதனையையும் கேட்டுப் பெறுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை

ஒரு கரண்டி தீவனத்தை நீரில் கலக்கி வடிகட்டுங்கள். வடிநீரை இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றி, ஒன்றில் மட்டும் வறுக்காத சோயா மொச்சை மாவு அரைத் தேக்கரண்டி சேர்த்துக் கலக்கி, ஐந்து நிமிடம் கழித்து இரண்டிலும் சிவப்பு லிட்மஸ் தாளை நனையுங்கள். மாவு சேர்த்ததில் மட்டும் தாள் நீலமானால் யூரியா இருக்கக்கூடும். இது முதல் எச்சரிக்கையே. முடிவை ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும்.

மாதிரி எடுக்கும் முறை

ஒரே மூட்டையின் மேற்புறத்திலிருந்து அள்ளிய மாதிரி பயன் தராது. பல மூட்டைகளில் மேல், நடு, அடி ஆகிய இடங்களில் எடுத்து ஒன்றாகக் கலக்குங்கள். குவியலை நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி, மீதியை மீண்டும் கலந்து, அரைக் கிலோ வரும்வரை இவ்வாறே செய்யுங்கள். ஈரம் படாத பாலிதீன் பையில் கட்டி, தீவனத்தின் பெயரும் வாங்கிய தேதியும் எழுதி அனுப்புங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வுக்கூடம் உள்ளது. அறிக்கை வரும்வரை அந்த மூட்டைகளைக் கன்றுகளுக்குக் கொடுக்காதீர்கள். வாங்கிய ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.