பிள்ளை விளையாடும்போது பெரியவர் எங்கே இருக்க வேண்டும்?

ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் 1986-87ஆம் ஆண்டில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாரும் ஏழை வீட்டுப் பிள்ளைகள், ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரை. சாலி கிராந்தம்-மெக்ரெகர் தலைமையிலான ஆய்வுக்குழு அவர்களை நான்கு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. இன்னொரு பிரிவின் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் வந்து, ஒரு மணி நேரம் தாயோடும் பிள்ளையோடும் விளையாடிவிட்டுப் போவார். மூன்றாம் பிரிவுக்கு இரண்டும் கிடைத்தன. நான்காம் பிரிவுக்கு இரண்டும் இல்லை. இப்படி இரண்டு ஆண்டுகள் நடந்தது.

அந்தப் பணியாளர்கள் கொண்டுவந்தவை கடைப் பொம்மைகள் அல்ல. வீட்டில் கழித்துப்போட்ட பொருள்களைக் கொண்டு கையால் செய்தவை. ஒரு வாரம் வீட்டிலேயே விட்டுவிட்டு, மறுவாரம் வேறொன்றைக் கொடுத்துப் பழையதை எடுத்துப் போவார்கள். அவர்கள் முக்கியமாகப் பழக்கியது தாயைத்தான். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதன் பெயரைச் சொல்வது, அது ஏதாவது செய்தால் மெச்சுவது, தொடர்ந்து பேச்சுக் கொடுப்பது ஆகியவற்றைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு 22 வயதானபோது மறுபடியும் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2014இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தன. விளையாட்டு கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். வளர்ச்சி குன்றாத பிள்ளைகளை வருமானத்தில் எட்டியும் விட்டார்கள். பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் அறிவு வளர்ச்சியில் தொடக்கத்தில் தெரிந்த பலன் நிலைக்கவில்லை. சாப்பாடு முக்கியமில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. சாப்பாட்டைப் போலவே விளையாட்டும் ஒரு தேவை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வுகள் குறைவு.

கைக்குழந்தைப் பருவத்தில் பெரியவர் நேருக்கு நேர் உட்கார்ந்து விளையாட வேண்டும். துண்டால் முகத்தை மூடித் திறந்து காட்டுவதும், கிலுகிலுப்பையை ஆட்டி நிறுத்துவதும் வெறும் பொழுதுபோக்கல்ல. அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்க்கவும், தன் முறைக்குக் காத்திருக்கவும் பிள்ளை அங்கேதான் பழகுகிறது.

இரண்டு வயதைத் தாண்டியதும் பல தாய்மார்களுக்கு ஒரு கவலை வரும்: “பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்குதுங்க, ஆனா சேர்ந்து விளையாட மாட்டேங்குதுங்க.” அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இலேயே இதை விவரித்திருக்கிறார். ஒரே மணலில், ஒரே மாதிரிப் பொம்மையோடு, தனித்தனியாக விளையாடுவது வளர்ச்சியின் ஒரு படி. இந்த நேரத்தில் பிள்ளையை வற்புறுத்தாமல் பக்கத்தில் இருந்தாலே போதும்.

மூன்று நான்கு வயதில் சொப்புச் சாமான் காலம் தொடங்குகிறது. டீச்சர், டாக்டர், கடைக்காரர் என்று வேஷம் போடும் பிள்ளை தன் இஷ்டத்துக்கு ஆடுவதாக நமக்குத் தோன்றும். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933இல் ஆற்றிய உரையில் அதற்கு நேர்மாறாகச் சொன்னார்: ஒரு வேடத்தை ஏற்றுக்கொண்ட பிள்ளை அந்த வேடத்தின் விதிகளுக்குக் கட்டுப்படுகிறது. பின்னர் சோவியத் ஆய்வாளர் மனுய்லென்கோ இதைச் சோதித்துப் பார்த்தார். “ஆடாமல் அசையாமல் நில்” என்று சொன்னபோது நின்றதைவிட, காவலாளி வேஷத்தில் பிள்ளைகள் அதிக நேரம் அசையாமல் நின்றார்கள். பாவனை விளையாட்டால் எல்லாத் திறமையும் வளரும் என்று சொல்லிவிட முடியாது. ஆஞ்சலின் லில்லார்டும் அவருடைய குழுவினரும் 2013இல் முந்தைய ஆய்வுகளை அலசி, ஆதாரம் அவ்வளவு உறுதியாக இல்லை என்றார்கள். ஆனாலும் பிள்ளை முழு மனத்தோடு இறங்கும் இந்த விளையாட்டைப் பறிக்க அது காரணம் ஆகாது. கூப்பிட்டால் வாடிக்கையாளராகப் போய் மண் இட்லியை வாங்கிக்கொள்ளுங்கள். கூப்பிடாவிட்டால் குறுக்கே போக வேண்டாம்.

கட்டம் போட்டு ஆடும் ஆட்டத்தில் பெரியவர் கூடவே இருந்தால் நல்லது. அமெரிக்காவில் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒன்று முதல் பத்து வரை வரிசையாக எழுதிய கட்டங்களில் காய் நகர்த்தினார்கள். நான்கே அமர்வுகள், ஒவ்வொன்றும் கால்மணி அல்லது இருபது நிமிடம். எண்ணறிவு கணிசமாகக் கூடியது. எண்களுக்குப் பதில் நிறங்கள் இருந்த அதே ஆட்டத்தில் பலன் இல்லை. அவர்கள் எண்ணிய விதத்தையும் கவனிக்க வேண்டும். காய் நான்கில் நிற்கிறது, இரண்டு விழுகிறது என்றால், “ஒன்று, இரண்டு” என்று நகர்த்தாமல், “ஐந்து, ஆறு” என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். பரமபதத்தில் நூறு கட்டம் சின்னப் பிள்ளைக்கு அதிகம். தரையில் சாக்பீஸால் பத்துக் கட்டம் வரைந்தால் போதும்.

ஓட்டத்துக்கும் குதிப்புக்கும் விளக்கம் தேவையில்லை, இடம்தான் தேவை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் 180 நிமிடமாவது உடலை அசைத்து இயங்க வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சிரைக்க ஆட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல். திரை பார்ப்பது ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது.

எல்கேஜியிலேயே நோட்டு நோட்டாக எழுத வைப்பதைப் பெருமையாகச் சொல்லும் பள்ளிகள் உண்டு. ஆனால் மூன்று முதல் எட்டு வயதுக்கான இந்தியாவின் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 2022இல் வந்தது. விளையாட்டு வழிக் கற்றலே அதன் அடிப்படை. ஆகவே சேர்க்கைக்குப் போகும் பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்: பொம்மைகள் பூட்டிய அலமாரியில் இருக்கின்றனவா, பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றனவா? தினமும் எவ்வளவு நேரம் வெளியே விடுவீர்கள்? மழை நாளில் என்ன செய்வீர்கள்?