பயாப்ஸி முடிவு வரும் வரை

மார்பில் தென்பட்ட கட்டியிலிருந்து ஊசியின் மூலம் சிறிதளவு திசுவை எடுத்தாயிற்று. முடிவு வருவதற்கு ஒரு வாரமோ பத்து நாட்களோ ஆகலாம் என்று மருத்துவர் கூறியிருப்பார். செம்பட்டியிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ பேருந்தில் சென்று இப்பரிசோதனையைச் செய்துகொண்டு வீடு திரும்பும் பெண்கள் பலருக்கு, பரிசோதனையைவிட அதன் பின் வரும் நாட்களே கடினமானவை. உறக்கம் கெடுவதும், உணவு இறங்காமல் இருப்பதும், காரணமின்றிச் சினம் எழுவதும் இந்நாட்களில் இயல்பானவை. இவற்றை மனத்தின் பலவீனமென்று எண்ணி வருந்த வேண்டியதில்லை.

ஏன் இத்தனை நாட்கள்?

எடுக்கப்பட்ட திசு உடனே ஃபார்மலின் கரைசலில் இடப்படுகிறது. மார்பகத் திசு அதில் குறைந்தது 6 மணி நேரம் ஊற வேண்டும். 72 மணி நேரத்திற்கு மேல் ஊறக் கூடாது. பிறகு அதிலுள்ள நீர் நீக்கப்பட்டு, மெழுகில் பதிக்கப்படுகிறது. அம்மெழுகுக் கட்டியிலிருந்து, ஒரு மில்லிமீட்டரை 250 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு கனமே உள்ள சீவல்கள் வெட்டப்படுகின்றன. அவற்றைக் கண்ணாடித் தகட்டில் வைத்துச் சாயமேற்றிய பின்னரே நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் ஆராய்கிறார்.

ஐயம் எழுந்தால் மேலும் சில சீவல்களை வெட்டிப் பார்ப்பார். புற்றுநோய்ச் செல்கள் தென்பட்டால், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்-2 ஆகியவற்றுக்கான சோதனைகளும் செய்யப்படும். எந்த மருந்து பயன் தரும் என்பதை அறிய அவை தேவை. அவற்றுக்கு இன்னும் சில நாட்கள் பிடிக்கும். இடையில் ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையும் வரக்கூடும். ஆகவே முடிவு தாமதமானால் அது தீய செய்தி என்றோ, விரைந்து வந்தால் நற்செய்தி என்றோ கணக்கிட இயலாது.

அச்சம் தரும் இரு எண்ணங்கள்

"ஊசி குத்தினால், கத்தி பட்டால் நோய் பரவிவிடும்" என்ற பேச்சு நம் ஊர்களில் நெடுநாளாக உண்டு. ஊசிப் பரிசோதனையால் நோய் முற்றிவிடுவதில்லை. இன்ன நோய் என்று உறுதி செய்யாமல் சரியான சிகிச்சையைத் தொடங்கவும் முடியாது. பரிசோதித்த இடத்தில் இலேசான வலியும் கன்றிய நீல நிறமும் சில நாட்கள் இருக்கும். இரத்தம் நிற்காமல் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ் பிடித்தாலோ உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். அவ்விடத்தில் பச்சிலைப் பற்றுப் போடுதல் கூடாது.

மற்றொன்று, கட்டி என்றாலே புற்றுநோய் என்ற எண்ணம். இளம்பெண்களிடம் அதிகம் காணப்படும் ஃபைப்ரோஅடினோமா, நீர்க்கட்டி, பாலூட்டும் காலத்துச் சீழ்க்கட்டி, சில வேளைகளில் காசநோய் ஆகியவையும் கட்டியாகத் தோன்றும். மேமோகிராம் அல்லது ஸ்கேன் அறிக்கையில் 'பை-ராட்ஸ்' என்று ஓர் எண் இருக்கும். 3 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 விழுக்காட்டிற்கு மேல் இல்லை. 5 என்றால் 95 விழுக்காடோ அதற்கு மேலோ. 4 என்பது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மிகப் பரந்த எல்லை. அந்த எண்ணை மட்டும் கொண்டு வீட்டிலிருந்தபடியே தீர்ப்புக் கூற முடியாது என்பதாலேயே திசுப் பரிசோதனை செய்யப்படுகிறது.

சில நாள் காத்திருப்பும் பல மாத ஒத்திவைப்பும்

முடிவுக்காகக் காத்திருக்கும் ஓரிரு வாரங்களில் சிகிச்சையின் பலன் குறைந்துவிடுவதில்லை. கேடு விளைவிப்பது, முடிவை வாங்கச் செல்லாமல் நாட்களைத் தள்ளுவதே. பூப்பறிப்புக் காலம் முடியட்டும், தறியிலுள்ள சேலை இறங்கட்டும், மகள் திருமணம் நடந்தேறட்டும் என்று ஒத்திவைத்த பெண்கள், நோய் முற்றிய பின் வருவதுண்டு.

நோயைச் சரியாக அறிவதன் அருமையைத் தம் குடும்பத் துயரத்தால் உணர்ந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1923இல் அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அந்நோய் முதலில் சீதபேதி என்றே கருதப்பட்டிருந்தது. அந்த இழப்பிலிருந்து பிறந்த உறுதியே பிற்காலத்தில் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. 1954இல் 12 படுக்கைகளுடன் அது தொடங்கியது. அன்று கிடைக்காத பல பரிசோதனைகள் இன்று மாவட்டத் தலைநகரிலேயே கிடைக்கின்றன. அவற்றின் பயன் முடிவைக் கையில் பெறும்போதே முழுமையாகும்.

காத்திருக்கும் நாட்களில்

முடிவு எந்த நாளில் கிடைக்கும், யாரிடம் கேட்க வேண்டும், எந்த எண்ணில் அழைக்க வேண்டும் என்பவற்றை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாள் தெரிந்துவிட்டால், தொலைபேசி ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதைக்காது.

உடல் இடங்கொடுக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைத் தொடருங்கள். ஊசி போட்ட பக்கக் கையால் தண்ணீர்க் குடத்தையோ பூக்கூடையையோ எப்போது தூக்கலாம் என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டறியுங்கள். கைப்பேசியில் அயலார் கூறும் மருத்துவக் காணொளிகளை இரவில் பார்ப்பதைத் தவிருங்கள். மனத்தில் தோன்றும் ஐயங்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள்; மருத்துவரைக் காணும் நாளில் அத்தாள் உதவும்.

கோட்டை மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வோரும், தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் வேண்டிக்கொள்வோரும் உண்டு. வழிபாடு மனத்திற்கு வலிமை தரும். நேர்த்திக்கடனுக்கு நாள் தவறாதது போல மருத்துவமனைக்கும் நாள் தவறாமல் வந்துவிட வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் அட்டையுடன் விண்ணப்பிக்க இந்நாட்களைப் பயன்படுத்தலாம். அதற்குத் தேவை ஏற்படாமலே போனாலும் இழப்பொன்றும் இல்லை.

பதற்றம் தாங்க முடியாத அளவுக்குப் பெருகினால், 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உடல்நல ஆலோசனைக்கு 104 என்ற எண் உள்ளது.

குடும்பத்தாருக்கு

"ஒன்றும் இருக்காது, அழாதே" என்று ஒரே சொல்லில் பேச்சை முடித்துவிடுவதைவிட, அவர் சொல்வதை இடைமறிக்காமல் கேட்பது நன்று. அவரிடம் கேளாமல் உறவினர் அனைவருக்கும் செய்தி சொல்ல வேண்டாம். யாருக்கு, எப்போது கூறுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். புற்றுநோய் தொற்றுநோய் அன்று. தட்டையும் தம்ளரையும் தனியே ஒதுக்குவது அவரைப் பெரிதும் புண்படுத்தும்.

சில வீடுகளில் கணவரோ மகனோ மட்டும் சென்று அறிக்கையை வாங்கி, "சாதாரணக் கட்டிதான்" என்று அன்பினால் மறைத்துவிடுகிறார்கள். முடி உதிரத் தொடங்கும்போதோ, அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் கையெழுத்துக் கேட்கப்படும்போதோ உண்மை வெளிப்பட்டுவிடும். அதன் பிறகு அவர் வீட்டார் சொல்லும் எதையும் நம்புவது கடினம். அவருடைய உடல் பற்றிய செய்தியை முதலில் அறியும் உரிமை அவருக்கே உண்டு.

முடிவு பெறும் நாள்

தனியே வராமல் நம்பிக்கைக்குரிய ஒருவருடன் வாருங்கள். பழைய ஸ்கேன் படங்களையும், உண்ணும் மருந்துகளின் சீட்டுகளையும் எடுத்து வாருங்கள். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். 'பினைன்' என்றால் புற்றுநோயற்ற கட்டி, 'மாலிக்னன்ட்' என்றால் புற்றுநோய். மற்றவற்றை மருத்துவரிடம் தமிழில் விளக்கும்படி தயங்காமல் கேளுங்கள்.

புற்றுநோய் இல்லை என்று வந்தால், அம்முடிவு ஸ்கேன் அறிக்கையோடு பொருந்துகிறதா, மறுபடி எப்போது காட்ட வேண்டும் என்று கேளுங்கள். முடிவு தெளிவாக இல்லையெனில் மீண்டும் திசு எடுக்க நேரலாம். புற்றுநோய் என்று வந்தால், அடுத்த பரிசோதனை எது, சிகிச்சை எங்கே, எப்போது தொடங்கும் என்னும் மூன்றையும் எழுதி வாங்காமல் அறையைவிட்டு வெளியே வர வேண்டாம். வேறொரு மருத்துவரின் கருத்தை நாட விரும்பினால், அறிக்கையின் நகலுடன் கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டியையும் கேட்டுப் பெறலாம். தொடக்க நிலையில் கண்டறியப்படும் மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் குணமாகக் கூடியது. எனவே எந்த முடிவாயினும், குறித்த நாளில் வந்து அதை அறிந்துகொள்ளுங்கள்.