அச்சின் பருமனும் சக்கரத்தின் பொருத்தமும்

மாட்டு வண்டியின் இருசு சக்கரக் குடத்தின் துளையோடு இசையாவிடில் சக்கரம் ஆடும், கடையாணி தேயும். இதனை நம் நாட்டு வண்டித் தச்சர் நெடுங்காலமாக அறிவர். மாட்டின் நடைவேகத்தில் இக்குறை பொறுக்கத்தக்கது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மோட்டார் சைக்கிளில் அதே குறை உயிருக்கு அபாயமாக முடியும்.

களப்பணியில் பயன்படும் பழைய வண்டிகளில் இந்தப் பிரச்சினை அடிக்கடி எழுகிறது. மைசூரில் 1961 முதல் 1996 வரை உற்பத்தியான ஜாவா, எஸ்டி போன்ற வண்டிகளுக்கு உரிய சக்கரம் எளிதிற் கிடைப்பதில்லை. வேறொரு வண்டியின் சக்கரம் கைக்குக் கிட்டுகிறது. ஆனால் அதன் அச்சு 17 மில்லிமீட்டர் பருமனுடையதாகவும், நம் வண்டியின் அச்சு 15 அல்லது 20 மில்லிமீட்டராகவும் இருக்கிறது. பட்டறைக்காரர் அரத்தை எடுத்துத் துளையைப் பெரிதாக்க முற்படுகிறார். அல்லது தகரத்தைச் சுற்றி இடைவெளியை நிரப்புகிறார். இவ்விரண்டும் ஏன் தவறு என்பதையும், சரியான முறை யாது என்பதையும் இங்குக் காண்போம்.

அச்சு செய்யும் வேலை

பின் சக்கரத்தை இரு புறமும் தாங்கி, மேலும் கீழும் அசையும் இரும்புக் கவைக்கு ஸ்விங் ஆர்ம் என்று பெயர். அதன் இரு முனைகளிலும் உள்ள நீள்துளைகளின் வழியே அச்சு செல்கிறது. அச்சு சுழல்வதில்லை, அதன்மீது அமைந்த இரண்டு பேரிங்குகளின் உதவியால் சக்கரமே சுழல்கிறது.

அச்சின் மறையை முறுக்கும்போது, ஸ்விங் ஆர்மின் ஒரு தகடு, பக்க ஸ்பேசர், பேரிங்கின் உள்வளையம், குடத்தின் நடுவிலுள்ள இடைக்குழல், மறு பேரிங்கின் உள்வளையம், மறு பக்க ஸ்பேசர், மறு தகடு ஆகிய யாவும் ஒன்றோடொன்று நெருக்கப்பட்டு ஒரே தூண் போல் ஆகின்றன. சக்கரத்தின் உறுதி இத்தூணைப் பொறுத்தது. இவற்றுள் ஒன்று தளர்ந்திருப்பினும், எவ்வளவு முறுக்கினாலும் மறை சாலையில் தளரும்.

பேரிங்கின் எண்ணைப் படித்தல்

அச்சின் பருமன் மாறும்போது மாற்ற வேண்டியது ஸ்விங் ஆர்மை அன்று, குடத்தையும் அன்று, பேரிங்கையே. பேரிங்குகளின் அளவுகள் உலகெங்கும் ஒரே ஒழுங்கிற்கு உட்பட்டவை. பேரிங்கின் மீது பொறித்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் உள்துளையைக் குறிக்கும். 00 என்பது 10 மில்லிமீட்டர். 01 என்பது 12. 02 என்பது 15. 03 என்பது 17. 04 முதல் அவ்விலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளை கிடைக்கும். எனவே 04 என்பது 20 மில்லிமீட்டர். அதற்கு முந்திய இலக்கம் வெளிவிட்டமும் அகலமும் எவ்வரிசையைச் சேர்ந்தவை என்பதைக் காட்டும்.

இதனால் நமக்குக் கிடைக்கும் நன்மை பெரிது. வெளிவிட்டம் ஒன்றாகவும், உள்துளை வேறாகவும் உள்ள இணைகள் பல உள்ளன:

6202 எண்: உள்துளை 15, வெளிவிட்டம் 35, அகலம் 11 மில்லிமீட்டர்.
6003 எண்: உள்துளை 17, வெளிவிட்டம் 35, அகலம் 10 மில்லிமீட்டர்.

6302 எண்: உள்துளை 15, வெளிவிட்டம் 42, அகலம் 13 மில்லிமீட்டர்.
6004 எண்: உள்துளை 20, வெளிவிட்டம் 42, அகலம் 12 மில்லிமீட்டர்.

6303 எண்: உள்துளை 17, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர்.
6204 எண்: உள்துளை 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர்.

சக்கரத்தில் 6303 பேரிங்குகள் இருந்து, ஸ்விங் ஆர்மின் அச்சு 20 மில்லிமீட்டராக இருப்பின், 6204 பேரிங்குகளைப் பொருத்தினால் போதும், அகலங்கூட மாறுவதில்லை. இடைக்குழலின் உள்துளையும் பக்க ஸ்பேசர்களின் உள்துளையும் மட்டும் புதிய அச்சிற்கு ஏற்ப அமைய வேண்டும். இப்பேரிங்குகள் செகந்திராபாத்திலுள்ள ராணிகஞ்ச் போன்ற கடைத்தெருக்களில் கிடைப்பவையே. ஹைதராபாத் மௌலா அலியில் எச்.எம்.டி. பேரிங்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலையே இயங்கி வந்தது. அதனை மூடுவதற்கு மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. ஆலை போயினும் அளவுகளின் ஒழுங்கு மாறவில்லை. எவர் செய்த 6204 ஆயினும் அதே இடத்தில் அமரும்.

ஆயுளின் கணக்கு

பொருந்துவதெல்லாம் தாங்கும் என்று கருதலாகாது. வெளிவிட்டம் மாறாமல் உள்துளை பெரிதாகும்போது, உள்ளே உருளும் குண்டுகளுக்கு இடம் குறைகிறது, குண்டுகள் சிறுக்கின்றன. பேரிங்கின் ஆயுள், அதன் தாங்குதிறனின் மூன்றாம் அடுக்கிற்கு ஏற்ப மாறும். 6303-க்குப் பதில் 6204 பொருத்தினால் தாங்குதிறன் ஏறக்குறைய 6 சதவிகிதமே குறைகிறது. ஆயுளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் எஞ்சுகிறது. 6202-க்குப் பதில் 6003 பொருத்தினாலோ தாங்குதிறன் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிறது. இரண்டாவது மாற்றம் இலேசான வண்டிக்கு ஒருவாறு பொருந்தும். சுமையேற்றும் வண்டிக்கு ஆகாது.

அச்சு சிறிதாயின்

சக்கரத்தின் பேரிங் 17 மில்லிமீட்டர், ஸ்விங் ஆர்மின் அச்சு 15 மில்லிமீட்டர் என்று கொள்வோம். சக்கரத்தில் இருப்பது 6003 ஆனால், 6202 அதன் இடத்தில் அமர்ந்து கூடுதலான பலமும் தரும். ஒரு மில்லிமீட்டர் கூடுதல் அகலத்திற்கு இடமுண்டா என்று மட்டும் பார்க்க வேண்டும். இருப்பது 6303 ஆனால், 47 மில்லிமீட்டர் வெளிவிட்டத்தில் 15 மில்லிமீட்டர் துளையுடைய பேரிங் இவ்வரிசைகளில் இல்லை. அப்போது உள்ளே 15, வெளியே 17 மில்லிமீட்டர் அளவில் எஃகுப் புஷ்ஷைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து பேரிங்கினுள் செலுத்த வேண்டும். அதன் சுவர் ஒரே மில்லிமீட்டர் கனமுடையது. ஆதலின் துல்லியம் இன்றியமையாதது. தகரச் சுற்று இத்துல்லியத்தை ஒருபோதும் தராது. அச்சிற்கும் புஷ்ஷிற்கும் இடையே அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்து, பேரிங்குகள் 80 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்திருப்பின், 18 அங்குலச் சக்கரத்தின் முன் விளிம்பிற்கும் பின் விளிம்பிற்கும் இடையே அது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்க் கோணலாகப் பெருகும்.

புஷ் இடைவெளியை நிரப்புமேயன்றி, அச்சிற்குப் பலம் அளிக்காது. கம்பியின் வளைவுவலிமை விட்டத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. 20 மில்லிமீட்டர் அச்சின் வலிமையை 100 எனக் கொண்டால், 17 மில்லிமீட்டர் அச்சின் வலிமை 61 மட்டுமே. ஆகவே கனமான வண்டியின் சக்கரத்தை இலேசான வண்டியில் பூட்டினால், அவ்வண்டி கனமான வண்டியின் சுமையைத் தாங்கும் என்று எண்ணலாகாது.

ஸ்விங் ஆர்மின் நீள்துளையை அராவிப் பெரிதாக்குவது இவற்றினும் கொடிது. துளைக்கும் தகட்டின் விளிம்பிற்கும் இடையே மிஞ்சும் உலோகம் மெலிகிறது. விரிசல் அவ்விடத்தில்தான் தோன்றும். அது வண்ணப்பூச்சின் கீழ் மறைந்திருந்து, ஒரு நாள் முன்னறிவிப்பின்றி முறியும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, இடைக்குழலின் நீளம். இரு பேரிங்குகளும் குடத்தின் படிகளில் அமர்ந்திருக்க, அப்படிகளுக்கு இடையேயுள்ள தூரமே குழலின் நீளமாகும். அது மயிரிழை நீண்டிருக்கலாம், குறுகலாகாது. குறுகினால், மறையை முறுக்கும்போது உள்வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி நெருக்கப்பட்டுக் குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கும். பேரிங் சூடேறிச் சில நாட்களிலேயே கெடும். 6202-க்குப் பதில் 6003 பொருத்தும்போது இடைக்குழலின் நீளம் மாறாது. வெளிப்புறத்திலுள்ள பக்க ஸ்பேசர்கள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் நீள வேண்டும்.

இரண்டாவது, நேர்மை. பின் பல்சக்கரமும் என்ஜின் பல்சக்கரமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இன்றேல் சங்கிலி பக்கவாட்டில் தேயும், கழலவும் கூடும். பின் டயரின் இரு பக்கங்களையும் தொட்டவாறு நூல் பிடித்து, முன் டயர் அவ்விரு நூல்களுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்த்தல் எளிய சோதனை.

மூன்றாவது, பிரேக். டிரம் பிரேக் தகட்டைச் சுழலாமல் பிடித்து நிறுத்தும் தண்டு ஸ்விங் ஆர்மோடு உறுதியாக இணைய வேண்டும். வேற்றுச் சக்கரத்தில் அதன் துளை இடம் மாறியிருக்கலாம். அதனை இணைக்காமல் விட்டால், பிரேக் அழுத்திய கணமே தகடு சக்கரத்தோடு சுழன்று பிரேக் கம்பியை முறுக்கிச் சக்கரத்தை ஒரேயடியாக நிறுத்திவிடும். இம்மூன்றினுள் உடனடி அபாயம் இதுவே.

நான்காவது, சட்டம். பதிவுச் சான்றிதழின் விவரங்கள் உற்பத்தியாளர் முதலிற் குறித்தவற்றினின்று வேறுபடுமாறு வாகனத்தை மாற்றலாகாது என 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. ஐயம் எழுமிடத்து, வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைக் கேட்டறிவதே முறை.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இப்பாடத்தை எளிதில் விளக்கலாம். 8 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் பருமனுள்ள இரு இரும்புக் கம்பிகளைச் சம நீளத்தில் மேசை விளிம்பிற்கு வெளியே நீட்டிப் பிணித்து, இரண்டின் முனையிலும் ஒரே எடையைத் தொங்கவிடுக. மெல்லிய கம்பி ஏறக்குறைய இரண்டரை மடங்கு தாழ்வதைக் காணலாம். ஏனெனில் கம்பி வளையாமல் நிற்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. பின்னர் தேய்ந்து கழித்த பேரிங்குகள் சிலவற்றைக் கொடுத்து, எண்ணைப் படித்து உள்துளையைக் கூறச் செய்து, அளவுகோலால் சரிபார்க்கச் செய்க.

ஹைதராபாத் பாலாநகரில் 1968-இல் நிறுவப்பட்ட மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் போன்ற இடங்களில் பயில்வோர் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கை அளந்து பழகுகின்றனர். சிற்றூர்ப் பட்டறையில் அத்துணைக் கருவிகள் இல்லை. ஆயினும் ஒரு வெர்னியர் அளவுகோலும், பேரிங் எண்ணைப் படிக்கும் அறிவும், அரத்தை எடுக்குமுன் அளந்து பார்க்கும் பழக்கமும் அங்கும் இருத்தல் இயலும். அவ்வண்டியில் நாளும் ஏறிச் செல்வோரின் உயிர் இப்பழக்கத்தைப் பொறுத்தது.