புயற்செய்தியும் கன்று விளம்பரமும்

வடகிழக்குப் பருவம் தொடங்கியதும் நம் அங்கத்தினர்களின் கைப்பேசிகளில் இருவகைச் செய்திகள் ஏககாலத்தில் வந்து குவிகின்றன. புயல் வருகிறது என்பது ஒன்று. புயலுக்கு அசையாத தென்னங்கன்று சலுகை விலையில் கிடைக்கும், இன்றே முன்பணம் செலுத்துக என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தற்செயலாகச் சேர்ந்து வருவன அல்ல. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் முதலியவற்றில் விளம்பரம் செய்யும் நிறுவனம், இன்ன மாவட்டத்தில் உள்ளோர், இன்ன வயதினர், வேளாண்மைக் காட்சிகளை விரும்பிப் பார்ப்போர் என்று ஆட்களைத் தேர்ந்து பணம் கட்டலாம். புயலின் பெயர் எல்லார் வாயிலும் அடிபடும் நாளே அவர்களுக்கு ஏற்ற சந்தை நாள். ஒரு காட்சியை இலட்சம் பேர் பார்த்தனர் என்னும் எண் விளம்பரம் எத்துணைத் தூரம் பரவிற்று என்பதைக் காட்டுமேயன்றிக் கன்றின் தரத்தைக் காட்டாது.

நெசவாளர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று படம் காட்டி விற்போரை அவர்கள் நன்கறிவர். ஆயினும் சேலையின் குற்றம் விரித்துப் பார்த்த அன்றே தெரிந்துவிடும். தென்னையின் குற்றமோ அவ்வாறு தெரிவதில்லை. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயலில், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் இலட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. அடுத்த ஆண்டில் கன்று நட்டவர்களை எண்ணிப் பாருங்கள். நெட்டை இரகம் காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஆகவே 2019-இல் நட்டது நல்ல கன்றா அன்றா என்பது 2025, 2026-ஆம் ஆண்டுகளில்தான் உழவருக்குப் புலப்படும். அதற்குள் அவர் இட்ட எருவும் இறைத்த நீரும் செலுத்திய வட்டியும் திரும்பா.

'புயலுக்கு அசையாதது' என்னும் சொல்லை முதலில் ஆராய்வோம். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தண்டின் அடியிலிருந்து கிளம்பும் சல்லிவேர்களே மரத்தைத் தாங்குகின்றன. அப்பிடிப்பு மண்ணின் ஆழம், கன்றை எவ்வளவு ஆழத்தில் நட்டனர், மண் எவ்வளவு ஊறியுள்ளது என்பவற்றைப் பொறுத்தது. குட்டை மரம் காற்றின் விசையைக் குறைவாக ஏற்கும் என்பது மெய்யே. அதற்காகப் பெரும்புயலில் விழாது என்று எந்த இரகத்திற்கும் எவரும் உறுதி தர இயலாது. அங்ஙனம் தருபவர் தென்னையை விற்கவில்லை, அச்சத்தை விற்கிறார்.

அடுத்தது 'வீரிய ஒட்டு' என்னும் பெயர். நெட்டையையும் குட்டையையும் கையால் மகரந்தம் சேர்த்துக் கலப்பதால் கிடைக்கும் காயிலிருந்து வருவதே ஒட்டுக் கன்று. ஒட்டு மரத்தின் அடியில் விழுந்த காயைப் பொறுக்கி முளைக்க வைத்தால் தாயின் குணம் அப்படியே வாராது. கன்றுக்குக் கன்று வேறுபடும். கைப்பேசிப் படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் மஞ்சள் குட்டை அல்லது செந்நிறக் குட்டையைத் தாயாகக் கொண்ட ஒட்டில் ஓர் அடையாளம் உண்டு. இலைக்காம்பு தாயின் மஞ்சள் அல்லது செந்நிறத்திலேயே இருந்தால் அது கலப்பு ஏறாத கன்று. காம்பு பசுமையாகவோ பழுப்பாகவோ இருப்பதே கலந்தது. நல்ல நாற்றங்காலில் இதனைப் பார்த்தே கன்றுகளைக் கழிப்பர். பொதுவாக ஒன்பது முதல் பன்னிரண்டு மாதக் கன்றில் ஆறு இலைகளேனும் இருத்தல் வேண்டும். கழுத்துப் பகுதியின் சுற்றளவு 10 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது. இலைகள் விரைவில் பிரிந்து கீற்றாவதும் நல்ல குறியே. இவற்றைக் கண்ணால் கண்டு, நூல் வைத்து அளக்க வேண்டுமேயன்றிப் படத்தில் அறிய இயலாது.

அண்மையில் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில் உறுப்பினர் ஒருவர் தம் கைப்பேசியை நீட்டினார். கன்றுக்கு முன்பணம் செலுத்தியதற்குச் சான்றாக அவரிடம் இருந்தது பணம் சென்றதைக் காட்டும் ஒரு படம் மட்டுமே. இரகத்தின் பெயரோ, கன்றின் வயதோ, உரிம எண்ணோ அதில் இல்லை. 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி நாற்றுப்பண்ணை நடத்துவோர் உரிமம் பெறுதல் வேண்டும் என்பதையே அவர் அறிந்திருக்கவில்லை.

சட்டத்தின் துணை இல்லாமலில்லை. விதை வாங்கும் உழவரும் நுகர்வோரே என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பணம் பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்வோர் அதனை வெளிப்படுத்த வேண்டும் என்ற விதியும் வந்துள்ளது. ஆயினும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகாருக்கு இரண்டாண்டுக் கெடு உண்டு. தென்னை காய்க்க ஆறாண்டு. குறை தெரிந்த நாளிலிருந்தே கெடுவைக் கணக்கிட வேண்டும் என்று வாதிடலாம் எனினும், இரகம் குறித்த இரசீது இன்றி எதனை வைத்து வாதிடுவது?

இனிப் புயற்செய்தி. 'பலமுறை அனுப்பப்பட்டது' என்ற குறிப்புடன் வரும் படங்களிற் பல பழைய புயல்களுடையவை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையே நமக்கு அளவுகோல். ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4-ஐக் கடந்தால் அதி கனமழை. மஞ்சள் நிறம் நிலவரத்தைக் கவனிக்கவும், ஆரஞ்சு ஆயத்தமாகவும், சிவப்பு உடனே செயற்படவும் சொல்கிறது. வீதியில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவோர்க்கும், குழித்தறியில் நீர் புகும் என்று அஞ்சுவோர்க்கும் இவ்வறிக்கை இன்றியமையாதது. கன்று வாங்குவோர்க்கோ அதில் அவசரம் ஏதுமில்லை. தென்னை நடும் பருவம் ஜூன், ஜூலை. பின்னர் டிசம்பர், ஜனவரி. புயலன்று பணம் கட்டியவர் எவரும் அன்றே நடப்போவதில்லை.

25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 கன்றுகள் பிடிக்கும். பத்து அங்கத்தினர் ஆளுக்கு ஓர் ஏக்கர் நடுவதாயின் 700 கன்றுகள். அத்துணைக் கன்றுக்கு இருவரை நாற்றங்காலுக்கே அனுப்பிப் பார்த்துவரும் செலவு பெரிதன்று. வேப்பங்குளத்திலும் ஆழியாறு நகரிலும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன. அங்கு முன்கூட்டியே விசாரித்து, சங்கத்தின் பெயரில் எழுத்து மூலம் கேட்பது நலம். வேறெங்கு வாங்கினும் இரகம், வயது, எண்ணிக்கை, உரிம எண் ஆகியவற்றை இரசீதில் எழுதி வாங்கி, அதன் படியைச் சங்கத் தீர்மானப் புத்தகத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். மரம் காய்க்கும் வரை அதனைக் கழித்துவிடலாகாது.