அக்ரிமென்ட் பற்றி ஏஐயிடம் எப்படிக் கேட்பது?

சென்னையில் வாடகை வீட்டுக்கு அக்ரிமென்ட் போடும்போது பெரும்பாலானவர்கள் வாடகையையும் அட்வான்ஸையும் பார்ப்பார்கள், தங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். மற்றதெல்லாம் புரோக்கர் பழைய ஃபைலிலிருந்து எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வந்த ஆங்கிலம். காலி செய்யும் நாளில் வரும் தகராறு பெரும்பாலும் அந்த ஆங்கிலத்துக்குள்தான் இருக்கும்.

சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற ஏஐ செயலிகள் இதைத் தமிழில் விளக்கும். பக்கங்களைத் தெளிவாகப் படம் எடுத்துக் கொடுத்தால் போதும். ஆதார், பான், வங்கிக் கணக்கு எண்களை ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்துவிட்டுப் படம் எடுங்கள்.

ஆனால், ‘இதைச் சுருக்கமாகச் சொல்’ என்று மட்டும் கேட்காதீர்கள். வாடகை இவ்வளவு, காலம் 11 மாதம் என்று நமக்குத் தெரிந்ததையே அது திருப்பிச் சொல்லும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘நான் குடியிருக்கப் போகிறவன். எந்தெந்த வரியால் என் பணம் போகும்? ஒவ்வொன்றுக்கும் மூல வரியை அப்படியே எடுத்துக் காட்டிவிட்டு விளக்கு.’ மூல வரியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. தாளில் இல்லாத நிபந்தனையை இருப்பதுபோலச் சொல்லும் பழக்கம் ஏஐக்கு இருக்கிறது. அது காட்டும் வரி தாளில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிடலாம்.

அடுத்து, ஒரு கணக்குக் கொடுங்கள். வாடகை 15,000, அட்வான்ஸ் 90,000 என்று வைத்துக்கொள்வோம். ‘ஆறாவது மாதம் வேலை மாறிக் காலி செய்தால் கைக்கு எவ்வளவு திரும்பும்?’ இரண்டாம் பக்கத்தில் பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்தம் என்று இருக்கும். நான்காம் பக்கத்தில் 11 மாதத்துக்கு முன் காலி செய்தால் இரண்டு மாத வாடகை போகும் என்று இருக்கும். தனித்தனியாகப் படித்தால் பெரிதாகத் தெரியாது. சேர்த்தால் 45,000 ரூபாய், பாதி அட்வான்ஸ்! கூட்டலை மட்டும் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

எழுதாமல் விட்டதையும் கேளுங்கள். காலி செய்தபின் எத்தனை நாளில் அட்வான்ஸ் திரும்பும், சப்-மீட்டர் என்றால் கரண்டுக்கு யூனிட் என்ன ரேட், மோட்டார் பழுதானால் யார் செலவு, கோடையில் தண்ணீர் லாரிக்கு யார் பணம் கொடுப்பது? ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்’ என்று ஓனர் வாயால் சொன்னது தாளில் வராது. நல்ல மனிதராகவே இருக்கட்டும், ஒரு வரி எழுதிவிட்டால் இருவருக்குமே நிம்மதி.

சட்டம் பற்றிக் கேட்கும்போதுதான் ரொம்ப உஷாராக இருக்க வேண்டும். ‘அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாது’ என்று ஏஐ அடித்துச் சொல்லக்கூடும். அது மத்திய அரசின் 2021 மாதிரிச் சட்டத்தில் உள்ளது. மாநிலம் ஏற்றால்தான் செல்லும். தமிழ்நாட்டுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த அந்தச் சட்டம் சொல்லும் பொதுவான அளவு மூன்று மாத வாடகை. பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய நகரத்துக்கு இது ஒரு வேடிக்கையான செய்திதான். 11 மாத அக்ரிமென்ட் என்றால் எங்கும் பதிய வேண்டாம் என்றும் ஏஐ சொல்லலாம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி அது சரி. ஆனால் 2017 சட்டம் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்கிறது. ஆகவே கேள்வியிலேயே ‘தமிழ்நாடு, 2017 சட்டம்’ என்று சேர்த்துவிடுங்கள். அது சொல்லும் பிரிவு எண்ணை அரசு வெளியிட்ட சட்டத்தில் தேடிப் பாருங்கள்.

லட்சங்களைக் கொடுத்து லீஸுக்குப் போகிறவர்களுக்கு இதெல்லாம் போதாது. கையெழுத்துப் போடுகிறவர்தான் வீட்டின் உரிமையாளரா, வீடு வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா என்பது அக்ரிமென்டில் இருக்காது. ஏஐ படிப்பது அந்தத் தாளை மட்டும்தான். வில்லங்கச் சான்றையும் வீட்டு வரி ரசீதையும் பாருங்கள், மூலப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் போய்விடுங்கள்.