முடியாத வீடியோவுக்கு ஒரு முடிவு

"இந்த ஒண்ணு மட்டும்மா." ஏழு வயசுப் பிள்ளை இப்படிச் சொல்லும்போது ஏமாற்றவில்லை. அந்த ஒன்று முடிவதே இல்லை, அவ்வளவுதான்.

டிவி தொடரில் 'தொடரும்' என்று எழுத்து வரும், எழுந்து போய்விடுவோம். யூடியூபில் அந்த எழுத்து கிடையாது. ஒரு வீடியோ முடிந்த சில நொடிகளில் அடுத்தது தானே ஓடும். ரீல்ஸும் ஷார்ட்ஸும் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். அடியே தட்டாத இந்த உருட்டலை 2006-ல் வடிவமைத்த ஏசா ரஸ்கினே பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டார். நமக்கே கை நிற்காத இடத்தில் பிள்ளையை மட்டும் 'அடம்' என்று திட்டுகிறோம்.

அதனால் முடிவை நாம்தான் கொண்டுவர வேண்டும். வீடியோ ஓடும்போது திரையைத் தொட்டால் மேலே ஆட்டோபிளே பொத்தான் தெரியும், அதை அணைத்துவிடுங்கள். 13 முதல் 17 வயதுக்காரர்களின் கணக்கில் 2021-லிருந்து யூடியூபே அதை அணைத்துத்தான் தருகிறது. ஆனால் நம் வீட்டில் பிள்ளை பார்ப்பது அம்மா போனில், அம்மா கணக்கில். யூடியூபைப் பொறுத்தவரை, யானைப் பாட்டை நாற்பது தடவை கேட்பவர் முப்பத்தைந்து வயதுப் பெண்மணி!

நேரத்தை நிமிடத்தில் சொல்லாதீர்கள். ஐந்து வயசுக்கு 'அரை மணி' என்றால் ஒன்றும் புரியாது. 'ரெண்டு கதை' என்றால் புரியும். கதை பாதியில் இருக்கும்போது போனைப் பிடுங்கினால் யாருக்கும் அழுகைதான் வரும்.

எவ்வளவு பார்க்கலாம்? உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு வேண்டவே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள். அதற்கு மேற்பட்ட வயதில் நான் மணிக்கணக்கைவிடத் தூக்கத்தைத்தான் பார்ப்பேன். இரவில் எல்லாப் போனும் ஹாலில் சார்ஜ் ஏறட்டும். அப்பாவுடையதும்.

சரி, பள்ளிக்கூடம்? கொரோனாவில் பள்ளிகள் மூடியபோது வீட்டுப்பாடம் வாட்ஸப் குரூப்புக்கு வந்தது. பள்ளி திறந்த பிறகும் பல இடங்களில் அது அங்கேயே தங்கிவிட்டது. என் மகள் ஏழு மணிக்கு "ஹோம்வொர்க் பார்க்கணும்" என்று போனை வாங்குவாள். எட்டு மணிக்கு எட்டிப் பார்த்தால் நோட்டில் தேதி மட்டும் இருக்கும். இப்போது குரூப்பில் வருவதை நானே ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். பாடத்துக்குப் போன் தேவையே இருக்கவில்லை.

வீட்டுப்பாடத்தை டைரியில் எழுதிப்போடச் சொல்லிப் பெற்றோர் கூட்டத்தில் கேட்கலாம். நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். தனியாகக் கேட்டால் "உங்க வீட்ல மட்டும்தான் பிரச்சினையா?" என்பார்கள். என்னிடம் சொன்னார்கள்.

அதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: பிள்ளைகளுக்கு வெளியே விளையாட நேரம். பகல் வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது. தைவான் இதை வைத்தே 2010-ல் பள்ளிப் பிள்ளைகள் தினமும் 120 நிமிடம் வெளியே இருக்க ஒரு திட்டம் தொடங்கியது. நமக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்காமல் இருந்தாலே போதும்.