ஊதச் சொன்னா என்ன செய்வீங்க?

சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணி. பர்த்டே ட்ரீட் முடிஞ்சு பைக்ல வர்றீங்க. வளைவு திரும்பினா பேரிகார்டு! 'ஓரம் கட்டுப்பா... ஊது!'

குடிச்சவருக்கு வயித்தைக் கலக்கும். குடிக்காதவருக்கும்தான்! ஏன்னா, சட்டம் என்ன சொல்லுதுன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. தெரிஞ்சதெல்லாம் ஹாஸ்டல்ல சீனியர்ஸ் அள்ளி விடுற டிப்ஸ் மட்டும்தான். அதையும் மோட்டார் வாகனச் சட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்போமா?

'பபிள்கம் போட்டா மெஷின் ஏமாந்துடும் மச்சி!'

ஏமாறாது. மெஷின் உங்க வாய் வாசனையைப் பார்க்கலை. ரத்தத்துல கலந்த ஆல்கஹால் நுரையீரல் வழியா மூச்சுல வெளியே வரும். அதைத்தான் அளக்குது. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமைத் தாண்டினா 185-வது பிரிவு பாயும். புதினா மிட்டாய்க்கும் அந்த நம்பருக்கும் சம்பந்தமே இல்லை.

ஆனா, இப்பதான் ஆல்கஹால் கலந்த மவுத் வாஷ் கொப்பளிச்சிருந்தா, குடிக்காதவருக்கும் நம்பர் எகிறலாம். வாயில தங்கின ஆல்கஹால் கால் மணி நேரத்துல பெரும்பாலும் போயிடும். பதறாம காரணத்தைச் சொல்லி, 'கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை ஊதுறேன் சார்'னு கேளுங்க. புது மவுத்பீஸ் மாட்டச் சொல்லலாம். ரீடிங்கைக் காட்டச் சொல்லலாம்.

'ஊத மாட்டேன்னு சொல்லிடு, அது நம்ம உரிமை!'

இதுதான் இருக்கிறதுலயே டேஞ்சர் டிப்ஸ். யூனிஃபார்ம்ல இருக்கிற போலீஸ், நீங்க குடிச்சிருக்கீங்கன்னு நியாயமா சந்தேகப்பட்டா ஊதச் சொல்லலாம். மறுத்தா வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம். மறுத்த விஷயத்தையே கோர்ட்டுல உங்களுக்கு எதிரா சொல்லவும் செய்யலாம்.

ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனா அங்கேயும் ஊதிக் காட்ட வாய்ப்புத் தரணும்னு 203-வது பிரிவு சொல்லுது. ரத்தம் எடுக்கிறதா இருந்தா பதிவு பெற்ற டாக்டர்தான் எடுக்கணும். நீங்க பெண்ணா இருந்து டாக்டர் ஆணா இருந்தா, இன்னொரு பெண் கூட இருக்கும்போதுதான் எடுக்கணும்.

'ஸ்டேஷன் போனா விடிய விடிய உள்ளேதான்!'

இது ஜாமீன்ல விடக்கூடிய குற்றம். எதுக்காகக் கைதுன்னு சொல்லியே ஆகணும். வீட்டுக்கோ, ஃப்ரெண்டுக்கோ தகவல் சொல்லணும். வக்கீலோட பேச உங்களுக்கு உரிமை இருக்கு.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒண்ணு. குடிச்சு ஓட்டினதுக்காகக் கைது செய்தா 2 மணி நேரத்துக்குள்ள மருத்துவப் பரிசோதனை நடக்கணும். நடக்கலைன்னா காவல்ல இருந்து விடணும்! இது 202-வது பிரிவு. அதனால, கைதான நேரத்தைக் குறிச்சு வெச்சுக்கோங்க.

'ஐந்நூறை நீட்டினா மேட்டர் ஓவர்!'

2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் தடவை மாட்டினா 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்லை ரெண்டுமே. அடுத்த தடவை 15,000 ரூபாய், 2 வருஷம் வரைக்கும் ஜெயில். ரசீது இல்லாம கைமாறுற காசுக்கு அபராதம்னு பேர் இல்லை, லஞ்சம். 2018-ல் வந்த திருத்தப்படி, கொடுத்தவருக்கும் 7 வருஷம் வரைக்கும் தண்டனை உண்டு.

லைசென்ஸைப் பறிமுதல் செய்தா அத்தாட்சிச் சீட்டு கேட்டு வாங்குங்க. ஆனா இந்த கேஸ்ல அந்தச் சீட்டை வெச்சு வண்டி ஓட்ட முடியாது. லைசென்ஸ் திரும்பக் கைக்கு வர்ற வரைக்கும் பஸ்தான்!

'பின்னாடி உட்கார்ந்தவனுக்கு கேஸ் கிடையாது!'

உண்டு! குடிச்சு ஓட்டுறதுக்கு உடந்தையா இருந்தா அதே தண்டனைன்னு 188-வது பிரிவு சொல்லுது. பின்னாடி உட்கார்ந்து வர்றவங்களுக்கும் அபராதம்னு சென்னை டிராஃபிக் போலீஸ் 2022 அக்டோபர்லயே அறிவிச்சாங்க. 'நான் ஓட்டலையே சார்'ங்கிற வசனம் எடுபடாது.

ஆக, மடக்கினா கேட்க வேண்டியது மூணுதான். 'ரீடிங் எவ்வளவு சார்? எதுக்காகக் கைது? ரசீது குடுங்க.' குரலை உயர்த்தாம, 'சார்' போட்டுக் கேளுங்க. குடிக்காதவர் அநியாயமா மாட்டாம இருக்கவும், குடிச்சவரையும் முறையா நடத்தவும்தான் இந்த உரிமைகள். குடிச்சவர் தப்பிச்சுப் போக இதுல ஒரு சந்து பொந்து கூட இல்லை.

அதனால பார்ட்டிக்குக் கிளம்பும்போதே பைக் சாவியை, குடிக்காத ஃப்ரெண்ட் கையில குடுத்துடுங்க. அப்படி ஒரு ஃப்ரெண்ட் இல்லையா? ஆட்டோ பிடிங்க. பத்தாயிரம் ரூபாய்க்கு எத்தனை ட்ரிப் வரும்னு கணக்குப் போட்டுப் பாருங்க பாஸ்!